தோண்டிய மேலடுக்கை எங்கே வைப்பது: வெளிக்குவியலா, குழி நிரப்பலா?

கனிமத்துக்கு மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஓவர்பர்டன் என்றே சொல்கிறார்கள். செய்தித்தாள்களில் அது 'மேல்மண்' என்று அச்சாகிறது. இந்த இரண்டாவது சொல்லால் ஒரு குழப்பம் உண்டாகிறது. செடிகள் வேர்விடும் ஓரடி கனமுள்ள வளமான மண்ணுக்கும் மேல்மண் என்றுதான் பெயர். அதற்குக் கீழே நூறு மீட்டர் ஆழம் வரை கிடக்கும் களிமண், மணல், மணற்பாறை, களிப்பாறை எல்லாவற்றையும் அதே பெயரால் அழைத்தால், 'மேல்மண் பாதுகாக்கப்படும்' என்று திட்ட அறிக்கையில் எழுதப்படும் வரிக்குப் பொருளே இல்லாமல் போகிறது. ஆகவே இக்கட்டுரையில் கனிமத்துக்கு மேலுள்ள மொத்தத்தையும் மேலடுக்கு என்றும், அதன் உச்சியில் உள்ள வளமான பகுதியை மட்டும் மேல்மண் என்றும் குறிப்பிடுகிறேன்.

ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் திட்டமிடும்போது, மேலடுக்கை அகற்றுவதா வேண்டாமா, எந்த இயந்திரத்தால் அகற்றுவது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விகள் வழக்கமாக இதே வரிசையில் எழுகின்றன. இயந்திரம் வாங்கும் முடிவு முந்திக்கொள்கிறது. இடம் பற்றிய முடிவு, கையில் மிஞ்சியிருக்கும் நிலத்தைப் பார்த்துப் பிறகு எடுக்கப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. ஒவ்வோர் அடுக்கும் கடைசியில் எங்கே தங்கப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், இயந்திரத் தேர்வு பெரும்பாலும் அதிலிருந்தே பிறந்துவிடும். மாறாக இயந்திரத்தை முதலில் முடிவுசெய்தால், எந்த மண் எங்கே போகும் என்பதை இயந்திரமே தீர்மானித்துவிடுகிறது. அதன் விளைவு சுரங்கம் மூடப்பட்ட பிறகுதான் வெளியே தெரியவருகிறது.

அகற்றத்தான் வேண்டுமா?

இதற்கான அளவுகோல் நன்கு அறியப்பட்டது. ஒரு டன் கனிமம் எடுக்க எத்தனை கனமீட்டர் மேலடுக்கை அகற்ற வேண்டும் என்பதே அகற்றல் விகிதம். 10 மீட்டர் தடிமனுள்ள நிலக்கரிப் படுகையின் மேல் 60 மீட்டர் மேலடுக்கு இருப்பதாகக் கொள்வோம். நிலக்கரி ஒரு கனமீட்டருக்கு சுமார் 1.35 டன் எடை இருக்கும் என்றால், ஒவ்வொரு சதுரமீட்டர் நிலத்தின் அடியிலும் 13.5 டன் நிலக்கரி கிடக்கிறது, விகிதம் 4.4 ஆகிறது. ஒரு டன் நிலக்கரியின் விலை 50 அலகு, அதை எடுத்துச் சுத்தம் செய்து விற்கும் செலவு 20 அலகு, ஒரு கனமீட்டர் மேலடுக்கை அகற்றும் செலவு 5 அலகு என்றால், மீதமுள்ள 30 அலகை 5-ஆல் வகுக்கக் கிடைக்கும் 6 என்பதே தாங்கக்கூடிய உச்ச விகிதம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. சுரங்கம் முழுவதற்குமான சராசரி விகிதம் 4.4 என்று காட்டி, படுகை ஆழமாகச் சாய்ந்து செல்லும் ஓரப் பகுதியையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அந்த ஓரத்தின் விகிதம் மட்டும் 9 ஆக இருந்தால், அங்கே எடுக்கும் ஒவ்வொரு டன்னும் நட்டம்தான். சராசரி அதை மறைத்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவுசெய்ய, கடைசியாகச் சேர்க்கப்படும் நிலப் பட்டையின் விகிதத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

விகிதம் எல்லை மீறினால் நிலத்தடிச் சுரங்கமே மாற்று. சிலி நாட்டின் சுக்கிக்கமாட்டா செம்புச் சுரங்கம், ஒரு நூற்றாண்டுக்கு மேல் திறந்தவெளியாகத் தோண்டப்பட்டு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தை எட்டிய பிறகு, 2019-இல் நிலத்தடி முறைக்கு மாறியது. மேற்கொண்டு ஆழமாகப் போக வேண்டுமென்றால், குழியின் சுவர்களைப் பின்னுக்குத் தள்ள அகற்ற வேண்டிய வெறும் பாறையின் அளவு தாதுவின் மதிப்பை விழுங்கிவிடும். ஆனால் நிலத்தடிச் சுரங்கத்தில் மேலடுக்கைத் தொடவில்லை என்பதால் அது அசையாமல் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சுவீடனின் கிருனாவில் இரும்புத் தாது நிலத்தடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அடியில் ஏற்பட்ட வெற்றிடத்தை நோக்கி மேலே உள்ள பாறை உடைந்து இறங்குவதால், நகரத்தின் ஒரு பகுதியையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்கிருந்த பெரிய மரத் தேவாலயம் 2025 ஆகஸ்டில் முழுக் கட்டடமாகவே சக்கரங்களின் மேல் ஏற்றி நகர்த்தப்பட்டது. கனிமத்தையே ஆங்காங்கே தூண்களாக விட்டுவைத்து எடுக்கும் முறையில் நிலம் ஓரளவு தாங்கி நிற்கும். அதற்கு விலையாக நிலக்கரியில் ஏறத்தாழ பாதியளவைப் பூமிக்குள்ளேயே விட்டுவர நேரலாம். இந்த மாற்றைப் பற்றி இவ்வளவு போதும். ஆழம் குறைந்த, கிடையாகப் படிந்த படுகைகளில் திறந்தவெளி முறையே பெரும்பாலும் வெல்கிறது, அங்கேதான் இடம் பற்றிய உண்மையான தேர்வும் இருக்கிறது.

வெளியே குவித்தல்

வெளிக்குவியலின் முதல் கவர்ச்சி அதன் எளிமை. குழிக்கு அருகில் கனிமம் இல்லாத ஒரு நிலத்தைப் பிடித்து, மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டி, தளம் தளமாக உயர்த்திக்கொண்டே போகலாம். குழியில் எங்கே, எப்போது தோண்டினாலும் கொட்டும் வேலை அதனால் தடைபடாது. குழியின் அடியில் இன்னும் ஆழமாகக் கனிமம் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், அதை மூடிவிடாமல் விட்டுவைக்கவும் முடிகிறது.

இதற்கான விலை நிலமும் உயரமும். தோண்டிய பாறை தோண்டும் முன்பிருந்த அளவிலேயே இருப்பதில்லை. உடைந்த துண்டுகளுக்கு நடுவே காற்று புகுந்துவிடுவதால், மென்மையான மண் 20 முதல் 30 விழுக்காடும், வெடிவைத்துப் பெயர்த்த கடினப் பாறை 40 விழுக்காடும் அதற்கு மேலும் உப்பிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் எடையாலேயே அமுங்கினாலும், பழைய அளவுக்கு அது ஒருபோதும் திரும்புவதில்லை. 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதலாகவே நிற்கும். ஆகவே 100 கனமீட்டர் பள்ளத்துக்கு வெளியே எழும் மேடு, முதலில் 130 கனமீட்டராகவும் பிறகு 115 கனமீட்டராகவும் இருக்கும். ஜெர்மனியின் ஹம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் 1978-இல் தொடங்கப்பட்டபோது தொடக்கக் குழியிலிருந்து எடுத்த மேலடுக்கை அருகிலேயே குவித்தார்கள். அது சோஃபியன்ஹோஹே என்ற பெயரில், சுற்றியுள்ள சமவெளியைவிட சுமார் 200 மீட்டர் உயர்ந்த, காடு வளர்ந்த குன்றாக இன்று நிற்கிறது. தட்டையான நாட்டுப்புறத்தில் திடீரென்று முளைத்த அந்த மலையில் மக்கள் நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, நன்றாகத் திட்டமிட்ட வெளிக்குவியல் ஒரு தோல்வியாகவே முடிய வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திட்டமிடாத குவியலின் கதை வேறு. டம்பர் வண்டி ஒன்று குவியலின் விளிம்பில் பின்னோக்கி வந்து சுமையைக் கவிழ்க்கும் காட்சியைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். பெரிய பாறைகள் வேகம் பிடித்து உருண்டு அடிவாரம் வரை போய் நிற்கின்றன. நடுத்தரக் கற்கள் பாதி வழியில் தங்கிவிடுகின்றன. பொடியும் மணலும் கவிழ்த்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஆயிரக்கணக்கான சுமைகள் இப்படி விழுந்த பிறகு, குவியலின் அடி முழுவதும் இடுக்குகள் நிறைந்த கல்தளமாகவும், உச்சி நுண்மண் மூடியாகவும் அமைந்துவிடுகின்றன. சரிவு தானாகவே 37 பாகை அளவில், அதாவது உதிரிக் கல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வில், நிற்கிறது. இன்னும் சற்று நீர் சேர்ந்தாலும் அடித்தளம் சற்று இளகினாலும் சரிந்துவிடும் என்ற எல்லையிலேயே அது நின்றுகொண்டிருக்கிறது. அடியிலுள்ள கல்தளம் நீரை வடித்துவிடும் என்பது நன்மை. அதே கல்தளம் புகைபோக்கியைப் போலக் காற்றைக் கீழிருந்து உள்ளே இழுப்பதால், கரித்துணுக்குகள் கலந்த குவியல் தானாகவே சூடேறிப் புகையத் தொடங்குவது தீமை.

குவியலின் உயரத்தையும் சரிவையும் மட்டும் கணக்கிட்டுவிட்டு, அது எந்தத் தரையின் மேல் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் விடுவதே மிகப் பெரிய பிழை. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தின் மேல் சரிந்த குவியல், நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுதானே தவிரத் திறந்தவெளிச் சுரங்கத்தின் மேலடுக்கு அல்ல. ஆயினும் இயற்பியல் ஒன்றே. அந்த ஏழாம் குவியல் மலைச்சரிவில் நீரூற்றுகளின் மேல் எழுப்பப்பட்டிருந்தது. உள்ளே நீர் ஊறி, குவியலின் ஒரு பகுதி குழம்பாகி, கீழே இருந்த பள்ளிக்கூடத்தின் மேல் பாய்ந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். பிரிட்டன் 1969-இல் சுரங்கக் குவியல்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்ற அந்த நாள் தேவைப்பட்டது. வெளிக்குவியலுக்கு நிலம் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது நிலத்தின் விலையை அல்ல. மழைக்காலத்தில் அங்கே எங்கெங்கு நீர் கசிகிறது என்பதைத்தான்.

வெளியே குவிப்பதிலேயே மற்றொரு வகை, மலைப்பகுதிகளில் பள்ளத்தாக்கை நிரப்புவது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் உச்சியையே பெயர்த்தெடுத்து நிலக்கரியை எடுக்கும்போது, மேலடுக்கைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இறக்கினார்கள். ஓடைகளின் தொடக்கப் பகுதிகள் அப்படியே புதைந்தன, கீழே ஓடும் நீரில் சல்பேட் உப்புகளும் செலினியமும் கூடின. கொட்டும் செலவில் இதைவிட மலிவானது இல்லை. எடை இறங்கும் திசையிலேயே வேலை நடக்கிறது. ஆனால் நீர் ஓடும் பள்ளத்தில் உதிரிப் பாறையைப் போடுவது, அந்தப் பாறை முழுவதையும் காலமெல்லாம் நீரில் கழுவிக்கொண்டிருக்க ஏற்பாடு செய்வதற்குச் சமம் என்பதால், வேறு வழி இருக்கும் வரையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழிக்குள் திருப்பி நிரப்புதல்

கிடையான படுகையில் சுரங்கம் பட்டை பட்டையாக முன்னேறுகிறது. முன்னால் தோண்டிய மேலடுக்கை, கனிமம் எடுத்து முடித்த பின்பக்க வெற்றிடத்தில் நிரப்பிக்கொண்டே போகலாம். புதிய நிலம் தேவையில்லை, மேலே தூக்கும் உயரம் குறைவு, நிலச் சீரமைப்பும் சுரங்கத்தோடு சேர்ந்தே நகர்கிறது. படுகையின் சாய்வு இடங்கொடுக்கும் இடத்தில் இதுவே இயல்பான தேர்வு.

மண் உப்புவதும் கனிமம் வெளியேறுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் விதம் இங்கே கவனிக்கத்தக்கது. முன்சொன்ன எடுத்துக்காட்டில் 60 மீட்டர் மேலடுக்கு நிலையாக 15 விழுக்காடு உப்பினால் 69 மீட்டர் ஆகும். குழியின் ஆழமோ 70 மீட்டர். நிலம் ஏறத்தாழ பழைய மட்டத்துக்கே வந்துவிடுகிறது. நிரப்பிய உடனே பார்த்தால் 30 விழுக்காடு உப்பலில் 78 மீட்டர், அதாவது பழைய தரையைவிட 8 மீட்டர் உயரமாக இருக்கும். பிறகு ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே வரும். அந்தக் காலத்தில் அதன்மேல் கட்டடம் எழுப்புவது அறிவுடைமை அல்ல. இதுவே 80 மீட்டர் மேலடுக்கும் 40 மீட்டர் படுகையும் என்றால், 120 மீட்டர் குழியில் 92 மீட்டர்தான் நிரம்பும். எஞ்சிய 28 மீட்டர் தாழ்வு எங்கோ ஓரிடத்தில் ஏரியாக முடியும். ஆகவே படுகை தடித்துப் போகப் போக, 'பழைய நிலத்தை அப்படியே திருப்பித் தருவோம்' என்ற வாக்குறுதி கணக்கிலேயே நிற்காது. வாக்குறுதி தருபவரிடம் இந்த இரண்டு எண்களையும் கேட்டாலே போதும்.

உள்நிரப்பலின் பலவீனமும் நீரே. சுரங்கம் நடக்கும் வரை நிலத்தடி நீரை இறைத்துக் கீழே வைத்திருக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தியதும் நீர் மட்டம் பல பத்தாண்டுகளில் மெல்ல ஏறி, தளர்வாகக் கொட்டிய மணலுக்குள் நுழைகிறது. காய்ந்திருந்தவரை உறுதியாகத் தோன்றிய மணல், நனைந்ததும் திடீரென்று அமுங்கலாம். ஒரு சிறு அதிர்வில் துகள்களின் பிடி விட்டுப்போய் நீரைப் போல ஓடவும் செய்யலாம். கிழக்கு ஜெர்மனியின் பழைய பழுப்பு நிலக்கரிப் பகுதிகளில் இந்த அச்சத்தாலேயே பெரும் பரப்புகள் வேலியிட்டு மூடப்பட்டன. நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில், நீர் நிரம்பிக்கொண்டிருந்த பழைய குழியின் கரை 2009 ஜூலை 18 அதிகாலையில் சரிந்து, வீடுகளோடு மூன்று பேரையும் கொண்டுபோனது. அடியில் அடைபட்டிருந்த நிலத்தடி நீரின் அழுத்தமே முதன்மைக் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. தோண்டி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து நடந்தது இது. ஆகவே உள்நிரப்பலைத் தேர்ந்தெடுப்பவர், மண்ணைக் கொட்டும் நாளின் உறுதியை அல்ல, நீர் திரும்பி வந்த பிறகு இருக்கப் போகும் உறுதியைக் கணக்கிட வேண்டும். அடுக்கடுக்காகப் பரப்பி அமுக்குவதற்குச் செலவாகும். கரையோரப் பட்டைகளிலாவது அதைச் செய்தே ஆக வேண்டும்.

செங்குத்தாக இறங்கும் உலோகத் தாதுக்களில் இந்தத் தேர்வே பெரும்பாலும் கிடையாது. கடைசி டன் தாது குழியின் அடியில் இருப்பதால், அதை எடுத்து முடிக்கும் வரை நிரப்ப இடமில்லை. எல்லாவற்றையும் வெளியே குவித்துவிட்டு, முடிந்த பிறகு திருப்பிக் கொண்டுவருவதென்றால் ஒவ்வொரு டன்னையும் இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும். வருமானம் நின்றுபோன நிலையில் அதைச் செய்பவர் அரிது. அருகருகே இரண்டு மூன்று குழிகள் உள்ள இடத்தில் மட்டும், முதல் குழியை விரைந்து முடித்து இரண்டாம் குழியின் பாறையை அதற்குள் இடலாம். இதற்காக உற்பத்தி வரிசையைச் சற்று மாற்ற வேண்டியிருந்தாலும், மாற்றிப் பார்த்துக் கணக்கிடுவது வீணாகாது.

கந்தகம் உள்ள அடுக்கு

இதுவரை மேலடுக்கை ஒரே பொருளாகப் பேசினேன். உண்மையில் அது அப்படி இல்லை. சில களிப்பாறைகளிலும் மணல்களிலும் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு கலந்திருக்கும். பூமிக்கடியில் காற்றுப் படாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் சும்மா கிடந்த அது, காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள் அந்த மாற்றத்தைப் பல மடங்கு விரைவாக்குகின்றன. குவியலின் அடிவாரத்தில் ஒரு சிறு கசிவு. தொடக்கத்தில் அது தெளிந்த நீர்தான். வெளியே வந்து சில மீட்டர் ஓடியதும் இரும்பு துருவாகப் படிந்து கற்களெல்லாம் காவி பூசியதுபோல ஆகிவிடும், ஓரத்துப் புல் கருகியிருக்கும். ஒருமுறை தொடங்கிய பிறகு இதை நிறுத்துவது, தொடங்காமல் தடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

தடுக்கும் வழி கணக்கில் எளியது. பாறையில் 1 விழுக்காடு பைரைட் கந்தகம் இருந்தால், ஒரு டன் பாறைக்கு 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்யும். அதே மேலடுக்கில் சுண்ணாம்புப் பாறையும் இருந்தால் இரண்டையும் கலந்து இடலாம். ஆனால் சுண்ணாம்புக் கல்லின் மேல் துரு படிந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால், கணக்கில் வரும் அளவைப் போல இரு மடங்கு இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்பு இல்லையென்றால், அமிலம் தரும் பாறையைக் காற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஒன்று, குழியின் அடியில், பின்னாளில் நீர் மட்டம் நிலையாக மூடிவிடும் ஆழத்தில் போடலாம். நீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு சில மில்லிகிராம் மட்டுமே என்பதால் அங்கே பைரைட் ஏறத்தாழ உறங்கிவிடும். இல்லையேல், குவியலின் நடுவில் வைத்து எல்லாப் பக்கமும் களிமண்ணால் போர்த்தலாம். முன்னதே நீண்ட காலத்துக்கு நம்பத்தக்கது. களிமண் போர்வை வெடிக்கும், வேர்கள் துளைக்கும், மழை அரிக்கும்.

இங்கேதான் இடத்தேர்வு 'வெளியா உள்ளா' என்ற ஒற்றைக் கேள்வியாக இல்லாமல், அடுக்குக்கு அடுக்கு மாறும் கேள்வியாகிறது. ஆழத்தில் கிடந்த பைரைட் களிப்பாறை குழியின் அடிக்கும், தீங்கற்ற மணற்பாறை வெளிக்குவியலுக்கோ நடு நிரப்பலுக்கோ, களிமண் போர்த்த வேண்டிய இடத்துக்கும், மேல்மண் எல்லாவற்றின் உச்சிக்கும் போக வேண்டும். துளையிட்டு எடுத்த மாதிரிகளை அடுக்கு வாரியாகச் சோதிக்காமல், மொத்த மேலடுக்குக்கும் ஒரே சராசரிக் கந்தக அளவைத் தரும் அறிக்கை இந்த முடிவுக்குப் பயன்படாது.

இயந்திரம் எதைச் செய்ய விடும்?

இடத்தை இப்படித் தீர்மானித்துக்கொண்டு இயந்திரங்களைப் பார்த்தால், அவற்றின் மதிப்பு வேறாகத் தெரிகிறது. மிகக் குறைந்த செலவு, மண்ணை ஒரே முறை தொட்டு நேரே வெற்றிடத்தில் போடும் முறைகளுக்குத்தான். டிராக்லைன் என்ற நீண்ட கைக் கயிற்று வாளி இயந்திரம் தோண்டிய கையோடு திரும்பி மறுபக்கத்தில் கொட்டிவிடுகிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் 1969 முதல் 1991 வரை உழைத்த 'பிக் மஸ்கி'யின் ஒரு வாளி 168 கனமீட்டர் கொண்டது. மென்மையான அடுக்குகளில் இதையும் மிஞ்சுபவை கிழக்கு ஜெர்மனியில் கட்டப்பட்ட எஃப்60 கன்வேயர் (நகரும் பட்டை) பாலங்கள். 502 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம், குழியின் ஒரு கரையில் வெட்டிய மண்ணைக் குழிக்கு மேலாகவே கடத்தி மறுகரையில் கொட்டுகிறது, வண்டியே தேவையில்லை. பெயரில் உள்ள 60, அது கையாளும் மேலடுக்கின் 60 மீட்டர் உயரத்தைக் குறிக்கிறது. இப்போது காட்சிப் பொருளாக நிற்கும் ஒன்றை மக்கள் 'படுத்துக் கிடக்கும் ஈஃபெல் கோபுரம்' என்கிறார்கள்.

ஆனால் ஒரே தொடுதலில் முடிப்பது என்பது, 60 மீட்டரையும் கலந்து கொட்டுவது என்பதும்தான். மேலிருந்த நல்ல மண் அடியிலும், ஆழத்திலிருந்த பைரைட் கலந்த மணல் மேலேயும் போய்ச் சேர வாய்ப்புண்டு. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் இப்படி உருவான நிலங்களில் மரம் நடுவதற்குமுன் சாம்பலையும் சுண்ணாம்பையும் ஆழமாகக் கலக்க வேண்டியிருந்தது. நிலத்தடி நீர் மீண்டும் ஏறியபோது இரும்பு கரைந்து வந்து ஸ்ப்ரே ஆற்றின் நீரைப் பழுப்பாக்கியது. தோண்டும்போது மிச்சமான பணத்துக்கு மேல் நீரைச் சுத்தம் செய்வதில் செலவாகிறதா என்பதைக் கணக்கிடுவது எளிதல்ல. 

மறுகோடியில் இருப்பவை ஷோவல் என்ற வாளி இயந்திரமும் டம்பரும். எந்த அடுக்கையும் தனியே எடுத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கடினப் பாறைக்கும் பொருந்தும். சுரங்கத்தின் வடிவம் மாறினாலும் முதலீடு முடங்காது. செலவோ தூரத்தோடும் ஏற்றத்தோடும் கூடிக்கொண்டே போகிறது. 363 டன் சுமக்கும் பெரிய டம்பரின் சொந்த எடையே சுமார் 260 டன். ஒவ்வொரு டன் பாறையை மேலேற்றும்போதும் முக்கால் டன் இரும்பையும் டீசல் செலவழித்துச் சேர்த்தே ஏற்றுகிறோம். சக்கரத்தில் பல வாளிகள் கோத்த பக்கெட் வீல் இயந்திரமும் கன்வேயரும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஹம்பாக்கில் ஓடும் மிகப் பெரிய இயந்திரங்கள் நாளொன்றுக்கு 2,40,000 கனமீட்டர் தோண்டுபவை. ஒவ்வோர் உயரத்திலும் தனித்தனி இயந்திரம் நிற்பதாலும், கன்வேயர்கள் சந்திக்கும் இடத்தில் எந்த மண் எந்தக் கன்வேயருக்குப் போக வேண்டும் என்று மாற்றிவிட முடிவதாலும், பெரும் அளவையும் பிரித்து வைத்தலையும் ஒருசேரப் பெறலாம். மண் மென்மையாக இருந்து, சுரங்கம் பல பத்தாண்டுகள் நடக்குமென்றால், இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். பாறை கடினமாக இருந்தாலோ, கந்தக அடுக்கு மெல்லியதாகவும் ஒழுங்கற்றும் இருந்தாலோ டம்பரைத் தவிர வேறு வழியில்லை. டிராக்லைன், மேலடுக்கு முழுவதும் தீங்கற்றது என்று சோதனையில் உறுதிப்பட்ட இடத்துக்கு உரியது. மேலடுக்கின் மேற்பகுதியை டம்பரால் முன்கூட்டியே எடுத்துவிட்டு, அடிப்பகுதியை மட்டும் டிராக்லைனிடம் விடும் கலப்பு முறையும் பரவலாக உள்ளது.

மேல்மண் மட்டும் எல்லா விதிகளுக்கும் விலக்கு. 15 முதல் 30 சென்டிமீட்டர் கனமே உள்ள அதைத் தனியே சீவி எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் கட்டாயமாக்கியது. எடுத்து உயரமாகக் குவித்து வைத்தால் அது காப்பாற்றப்பட்டது என்று பொருளல்ல. ஆண்டுக்கணக்கில் கிடந்த உயரமான மேல்மண் குவியலை நடுவே வெட்டினால், வெளி ஓரம் புல்வேரோடு பழுப்பாகவும், உள்ளே சாம்பல் நிறமாகிக் காற்றில்லாத சேற்று வாடையுடனும் இருக்கும். விதைகள் மக்கியிருக்கும், வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகள் செத்திருக்கும். சீவிய அன்றே, சீரமைக்கத் தயாராக உள்ள மற்றோர் இடத்தில் நேரடியாகப் பரப்புவதற்கு ஈடானது எதுவும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக் காடுகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட் எடுப்பவர்கள் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். காட்டு விதைகளில் பெரும்பகுதி மண்ணின் மேல் சில சென்டிமீட்டரிலேயே இருப்பதால், அந்தத் தோலைத் தனியாகவும் அடுத்த மண்ணைத் தனியாகவும் இருமுறை சீவுகிறார்கள். இதுவும் உள்நிரப்பலுக்குச் சார்பான ஒரு வாதம்: தயாரான நிலம் எப்போதும் பக்கத்திலேயே இருப்பது உள்நிரப்பல் நடக்கும் சுரங்கத்தில்தான்.

செலவுக் கணக்கு எழுதும் முறையே வெளிக்குவியலுக்குச் சாதகமாகச் சாய்ந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 30 ஆண்டுகள் கழித்துச் செய்ய வேண்டிய 100 அலகுச் சீரமைப்புச் செலவு, ஆண்டுக்கு 10 விழுக்காடு கழிவு வீதத்தில் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) இன்றைய மதிப்பில் 6 அலகுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. அருகில் கொட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்வதே இந்தக் கணக்கில் எப்போதும் வெல்லும். சீரமைப்புச் செலவை அந்தந்த ஆண்டின் தோண்டும் செலவோடு சேர்த்தே எழுதினால், இரண்டு தேர்வுகளுக்கும் இடையிலான தூரம் வெகுவாகக் குறைவதைக் காணலாம்.

உள்நிரப்பலையே தேர்ந்தெடுத்தாலும் முதல் வெட்டின் மண்ணுக்குக் குழி இருக்காது. அது வெளியேதான் போக வேண்டும். அதேபோல் கடைசிக் குழியை நிரப்ப மண் இருக்காது. சுரங்கம் நேர்கோட்டில் பல கிலோமீட்டர் முன்னேறினால், அந்த மேடு ஒரு கோடியிலும் அந்தப் பள்ளம் மறுகோடியிலும் நின்றுவிடும். மேட்டை எடுத்துவந்து பள்ளத்தில் இடும் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள். முன்னேறும் பாதையை ஒரு மையத்தைச் சுற்றி விசிறிபோல் திருப்பி, கடைசி வெட்டு முதல் வெட்டின் பக்கத்திலேயே முடியுமாறு அமைத்தால் இரண்டும் அண்டை அயலாகிவிடுகின்றன. அந்த வளைவைப் படுகையின் வரைபடத்தில் போட முடியுமா என்பதை, முதல் இயந்திரத்துக்கு விலை கேட்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.